கடல் கடந்த மெட்டுகள்: சீஃப்டன்ஸ் குழுவும் அயர்லாந்தின் பரம்பரை இசையும்

அயர்லாந்தின் மரபிசை நெடுங்காலம் மேடை அறியாத இசையாகவே இருந்தது. வீட்டின் அடுப்படியிலும் ஊரின் நாற்சந்தியிலும் மணவீட்டிலும் ஆடுவோரின் காலடிக்கு ஏற்ப வாசிக்கப்பட்டு, பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல் செவிவழியாகத் தலைமுறை கடந்து வந்த அந்த இசை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கிலும் சீனப் பெருஞ்சுவரின் மீதும் ஒலிக்கும் நிலையை அடைந்தது. இம்மாற்றத்தில் பெரும்பங்கு 1962-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் தோன்றிய 'தி சீஃப்டன்ஸ்' குழுவுக்கு உரியது. குலத்தலைவர்கள் என்று பொருள்படும் இப்பெயர், கவிஞர் ஜான் மாண்டேக் எழுதிய ஒரு கதை நூலின் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் புகழ்பெற்ற பாடகர் எவரையும் முன்னிறுத்தாமலும் மின்கருவிகளின் துணையை நாடாமலும், முன்னோர் விட்டுச்சென்ற மெட்டுகளை நம்பியே இக்குழு உலகத்தின் முன் அமர்ந்தது.

ஒரு மண்ணின் இசை அயலார் அவைக்குச் செல்லும்போது தன் இயல்பை இழந்துவிடும் என்னும் அச்சம் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த அச்சத்தை அயர்லாந்தின் இசை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படும். அந்நாட்டு மெட்டுகள் சீஃப்டன்ஸ் குழுவினருக்கு நூறாண்டு முன்பே கடல் கடந்துவிட்டன. கடல் கடந்த இடத்தில்தான் அவற்றுள் பெரும்பகுதி ஏட்டிலும் இசைத்தட்டிலும் பதிவாகித் தாயகம் திரும்பியது. ஆகவே அக்குழுவின் உலகப் பயணத்தை மரபிலிருந்து விலகிய செயலாகக் கொள்வதைவிட, மரபின் நெடும்பயணத்தில் ஒரு கட்டமாகக் கொள்வதே பொருந்தும்.

மெட்டு என்னும் பரம்பரைச் சொத்து

அயர்லாந்தின் மரபிசையில் அடிப்படை அலகு மெட்டு. மெல்ல இழைத்து வாசிக்கப்படும் பண்ணிசை மெட்டுகளும் உண்டெனினும், எண்ணிக்கையில் மிகுந்தவை ஆடலுக்கு உரியவை. எட்டின்கீழ் ஆறு என்னும் தாளத்தில் துள்ளிச் செல்வது ஜிக். நான்கு எண்ணிக்கையில் இடைவிடாது விரைந்தோடுவது ரீல். அதே நான்கு எண்ணிக்கையைச் சற்று நிதானமாக, அடிதோறும் அழுத்தம் கொடுத்து நடத்துவது ஹார்ன்பைப். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் எட்டுத் தாள அளவுகள் கொண்டு இருமுறை வாசிக்கப்படுவதால் ஒரு சுற்று முப்பத்திரண்டு அளவுகளில் நிறைவடையும். இவ்வாறு ஒரு மெட்டை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, இடையில் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குள் நுழைந்துவிடுவது வழக்கம். இப்படிக் கோக்கப்பட்ட மெட்டுவரிசைக்கு 'செட்' என்று பெயர்.

இந்த எலும்புக்கூடு எளியது; உயிர் இருப்பது வாசிப்பவரின் கையில். ஒரே சுரத்தை இடைவெட்டால் பிரிப்பதும், ஒரு சுரத்தைச் சுற்றி மேலும் கீழும் தொட்டு உருட்டுவதும், ஒரு சுற்றில் வாசித்ததை அடுத்த சுற்றில் சிறிதே மாற்றுவதும் கலைஞரின் தேர்ச்சிக்கு அளவுகோல்களாகும். கர்நாடக இசையில் கமகத்துக்கு உள்ள இடத்தை இந்த அணிகள் அங்கே வகிக்கின்றன என்று கூறலாம். அணிகளின் வகையும் வேகமும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டதால், வடமேற்கே டோனிகல், மேற்கே கிளேர், தென்மேற்கே கெரி என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் பாணி வளர்ந்தது.

பெரும்பாலான மெட்டுகளுக்கு ஆக்கியோன் பெயர் இல்லை. ஒரே மெட்டு ஊருக்கு ஒரு பெயர் கொண்டிருப்பதும், ஒரே பெயர் பல மெட்டுகளுக்கு வழங்குவதும் உண்டு. ஆயினும் ஆக்கியோன் பெயர் மறந்த இடத்திலும் கற்பித்தவர் பெயர் மறக்கப்படுவதில்லை. இன்னாரிடம் கேட்டுக் கற்றேன் என்று சொல்லி மெட்டைத் தொடங்குவது கலைஞர்களிடையே நிலைபெற்ற நாகரிகம். பரம்பரை என்னும் சொல் அங்கே குருதித் தொடர்போடு செவித் தொடர்பையும் குறிக்கிறது.

இம்மரபைத் தூயதென்றும் அயற்கலப்பு அற்றதென்றும் கருதுவது பிழை. ரீல் என்னும் வடிவம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. வயலின் ஐரோப்பியப் பொதுக் கருவி; அயர்லாந்தில் அதை ஃபிடில் என்பர். ஆறு துளைகள் கொண்ட சிறிய உலோகக் குழலாகிய டின் விசில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பட்டறைகளிலிருந்து மலிவு விலைக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் புதிய சாவிகள் பொருத்திய உலோகக் குழலுக்கு மாறியபோது கைவிட்ட பழைய மரக்குழல்களே அயர்லாந்துக் கிராமங்களில் மரபுக் கருவியாயின. வந்தவற்றையெல்லாம் தன் மெட்டுக்குப் பணியவைத்த ஆற்றலே அம்மரபின் வலிமை.

ஹார்ப் கலைஞர்களின் அந்தியும் முதல் ஏடுகளும்

ஆடல் மெட்டுகளுக்கு முன்பு அயர்லாந்தில் உயர்ந்தோர் இசையாக விளங்கியது ஹார்ப் இசை. யாழ் இனத்தைச் சேர்ந்த இக்கருவி அங்கே உலோகக் கம்பிகள் பூட்டப்பட்டு நீண்ட நகங்களால் மீட்டப்பட்டது. அயர்லாந்தின் சொந்த மொழியாகிய கேலிக் பேசிய குறுநிலத் தலைவர்களின் அவைகளில் கலைஞர்கள் நிலையான இடம் பெற்றிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் அத்தலைவர்கள் ஆங்கில ஆட்சியிடம் தோற்று நாடு நீங்கியதும் அக்கலைஞர்கள் புரவலரை இழந்து, வீடு வீடாகச் சென்று வாசித்துப் பிழைக்கலாயினர். 1670-இல் பிறந்து 1738-இல் மறைந்த டர்லோ ஓ கேரலன் அவ்வாறு நாடு சுற்றிய பார்வையற்ற கலைஞர். தம்மை ஆதரித்தோரின் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகளை அமைத்தவர். ஆக்கியோன் பெயரோடு வழங்கும் பழைய மெட்டுகளுள் பெரும்பான்மை இவருடையவை.

1792-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெல்ஃபாஸ்ட் நகரில் எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களை ஒன்றுகூட்டி ஒரு விழா நடத்தப்பட்டபோது அயர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தோர் பத்துப் பேரே. அவர்களுள் பலர் பார்வையற்றோர். தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே பழைய முறைப்படி நகங்களால் மீட்டுபவராக இருந்தார். அம்மெட்டுகளை எழுத்தில் பதிவு செய்யும் பணி எட்வர்ட் பன்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞருக்கு அளிக்கப்பட்டது; ஒரு சுரத்தைக்கூடத் தாமாகச் சேர்க்கலாகாது என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. பன்டிங் தம் வாழ்நாள் முழுதும் அப்பணியைத் தொடர்ந்து மூன்று தொகுதிகளை வெளியிட்டார். கடைசித் தொகுதி 1840-இல் வெளிவந்தது. எனினும் நூலை வாங்கும் நகர மக்கள் பியானோ வாசிப்போராக இருந்தமையால், மெட்டுகள் பியானோவுக்கு ஏற்ற ஒத்திசைவோடு அச்சேறின. மெட்டைக் காக்கவும் வேண்டும், புதிய அவைக்குக் கொண்டுசெல்லவும் வேண்டும் என்னும் இருதலைச் சிக்கல் அச்சுப்பதிப்பின் முதல் நாளிலேயே தோன்றிவிட்டதை இது காட்டுகிறது. பின்னாளில் சீஃப்டன்ஸ் எதிர்கொண்டதும் இதே சிக்கலைத்தான்.

பஞ்சமும் புலம்பெயர்ந்த மெட்டுகளும்

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சம் ஓய்ந்த பின்பும் புலம்பெயர்வு ஓயவில்லை. மக்கள் குறைந்த ஊர்களில் இசைக்கலைஞரும் அவரை ஆதரித்தோரும் குறைந்தனர். இறந்தவர்களோடு எத்தனை மெட்டுகள் மண்ணுக்குள் போயின என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் பிழைத்துக் கரையேறியவர்கள் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் தங்கள் மெட்டுகளையும் எடுத்துச் சென்றனர்.

அங்ஙனம் சென்றவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ் ஓ நீல். கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்து, இளமையில் கப்பற்பணியாளராக உலகைச் சுற்றி, சிகாகோ நகரக் காவல்துறையில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அதன் தலைமை அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். குழல் வாசிப்பவராகிய ஓ நீலுக்கு மெட்டைக் கேட்டு நினைவில் வைக்கும் ஆற்றல் இருந்தது. சுரப்படுத்தி எழுதும் பயிற்சி இல்லை. அக்குறையை அதே துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓ நீல் என்னும் ஃபிடில் கலைஞர் நிறைவு செய்தார். அயர்லாந்தின் எல்லா மாவட்டங்களையும் சேர்ந்தோர் ஒரே நகரில் குடியேறியிருந்தமையால், தாயகத்தில் பல மாதங்கள் அலைந்து திரட்ட வேண்டிய மெட்டுகள் சிகாகோவின் சில தெருக்களுக்குள் கிடைத்தன. 1903-இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பில் 1,850 மெட்டுகளும், 1907-இல் வெளிவந்த ஆடல் மெட்டுத் தொகுப்பில் 1,001 மெட்டுகளும் இடம்பெற்றன. இந்த இரண்டாவது தொகுப்பைக் கலைஞர்கள் 'அந்தப் புத்தகம்' என்று மட்டுமே குறிப்பிடும் அளவுக்கு அது மதிப்புப் பெற்றது.

ஏட்டை அடுத்து வந்தது இசைத்தட்டு. ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய மைக்கேல் கோல்மன் என்னும் ஃபிடில் கலைஞர் 1920-களிலும் 1930-களிலும் பதிவு செய்த இசைத்தட்டுகள், புலம்பெயர்ந்தோர் வழியாகத் தாயகத்தை அடைந்தன. கிராமத்துக் கலைஞர்கள் அவற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் கற்றனர். கோல்மன் கோத்த மெட்டுவரிசை அப்படியே வழக்காயிற்று. ஸ்லைகோ பாணி பிற வட்டாரங்களுக்கும் பரவி, ஆங்காங்கே இருந்த உள்ளூர்ப் பாணிகளைப் பின்னுக்குத் தள்ளியது. அயல்மண் இம்மரபுக்குச் செய்த நன்மையும் ஊறும் இந்த ஒரு நிகழ்வில் சேர்ந்தே இருக்கின்றன.

வீட்டிலிருந்து மன்றத்துக்கு

தாயகத்திலோ மரபிசையின் உறைவிடமே ஆட்டம் கண்டது. 1935-இல் இயற்றப்பட்ட பொது நடன மன்றச் சட்டம், பொது நடனம் நடத்துவதற்கு உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது. இளைஞரின் ஒழுக்கம் குறித்துக் கவலை கொண்டிருந்த திருச்சபைக் குருமார்களும் காவலர்களும் அச்சட்டத்தைத் துணைக்கொண்டு வீட்டு நடனங்களையும் பல ஊர்களில் தடுத்தனர். அடுப்படியில் ஒரு ஃபிடிலோ குழலோ போதுமானதாக இருந்தது. நூற்றுக்கணக்கானோர் ஆடும் மன்றத்தில் அந்த ஒலி எட்டவில்லை. அதன் விளைவாக அக்கார்டியன், பியானோ, முரசு ஆகியவற்றைச் சேர்த்து எல்லோரும் ஒரே மெட்டை ஒரே முறையில் உரத்து வாசிக்கும் 'கேலி' வாத்தியக் குழுக்கள் நாடெங்கும் பெருகின. கேலி என்பது கூடி ஆடிக் களிக்கும் நிகழ்ச்சியைக் குறிக்கும் கேலிக் மொழிச்சொல். இக்குழுக்கள் ஆடல் இசையை மக்களிடையே உயிரோடு வைத்திருந்தன என்பது உண்மை. தனிக்கலைஞரின் நுட்ப அணிகள் அப்பேரொலியில் மூழ்கின என்பதும் உண்மை.

மிகுந்த நலிவுக்குள்ளானது 'இல்லன் பைப்ஸ்' எனப்படும் துருத்திக்குழல். இல்லன் என்பதற்கு முழங்கை என்று பொருள். வாயால் ஊதப்படும் ஸ்காட்லாந்துத் துருத்திக்குழலைப் போலன்றி, வலக்கையின் கீழ் கட்டப்பட்ட சிறு உலைத்துருத்தியை முழங்கையால் அழுத்திக் காற்றை இடக்கையின் கீழுள்ள தோற்பைக்குச் செலுத்தி, அமர்ந்தபடி வாசிக்கப்படுவது இக்கருவி. மெட்டை வாசிக்கும் குழல் இரண்டு சுரமண்டல அளவுக்கு விரியும். மூன்று சுருதிக் குழல்கள் இடையறாது ஆதார சுருதியை ஒலிக்கும். சாவிகள் பொருத்திய வேறு மூன்று குழல்கள் மணிக்கட்டால் அழுத்தும்போது இடையிடையே ஒத்திசைவு தரும். கற்பதற்கு ஏழாண்டு, பழகுவதற்கு ஏழாண்டு, வாசிப்பதற்கு ஏழாண்டு என்று இதன் அருமை குறித்து ஒரு வழக்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் உருப்பெற்ற இக்கருவியை வாசிப்போர் 1960-களில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தனர். அக்கருவியைச் செய்யவும் வாசிக்கவும் கற்பிக்கவும் வல்ல லியோ ரௌசம் போன்ற சிலரே சங்கிலி அறுந்துபோகாமல் காத்தனர்.

1951-இல் தொடங்கப்பெற்ற அயர்லாந்து இசைக்கலைஞர் சங்கம் ஆண்டுதோறும் இசைத் திருவிழாவும் போட்டிகளும் நடத்தி, சிதறிக் கிடந்த கலைஞர்களை ஒருவரையொருவர் காணச் செய்தது. மீட்சிக்கான களம் இவ்வாறு அமைந்த காலத்தில்தான் ஷான் ஓ ரியாடா வந்தார்.

ஓ ரியாடா வகுத்த வழி

1931-இல் கார்க் நகரில் பிறந்த ஓ ரியாடா, ஐரோப்பிய இசைப் பயிற்சி பெற்றவர். டப்ளினின் அபி நாடக அரங்கில் இசை இயக்குநராகப் பணியாற்றியவர். 1959-இல் வெளிவந்த 'மிஷ ஏர' என்னும் ஆவணப்படத்துக்கு அவர் அமைத்த இசை, நாட்டுப்புற மெட்டுகளைப் பெரிய வாத்தியக் குழுவுக்குத் தந்து நாடெங்கும் பெரும்புகழ் பெற்றது. அப்புகழில் நின்றுவிடாமல் அவர் எதிர்த்திசையில் நடந்தார். மரபுக் கருவிகளையே கொண்டு, மரபுக் கலைஞர்களையே அமர்த்தி, 'கியோல்டோரி குவலன்' என்னும் குழுவை 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்.

அயர்லாந்தின் இசை ஐரோப்பிய ஒத்திசைவு மரபைவிடக் கீழைநாட்டு இசை மரபுகளோடு நெருங்கியது, ஒற்றை மெட்டின் நுண்ணிய வேறுபாடுகளே அதன் அழகு என்பது அவர் கொள்கை. அதனால் எல்லோரும் எப்போதும் சேர்ந்து வாசிக்கும் 'கேலி' வாத்தியக் குழு முறையைக் கைவிட்டார். ஒரு சுற்றைக் குழல் மட்டும் வாசிக்கும். அடுத்த சுற்றில் ஃபிடில் சேரும். பின்னர் துருத்திக்குழல் தனித்து நிற்கும். முடிவில் அனைவரும் கூடுவர். வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய 'பௌரான்' என்னும் கைப்பறை, அதுவரை பெரும்பாலும் ஊர்ச் சடங்குகளில் ஒலித்துவந்தது. அதை இசைக்குழுவின் தாளக்கருவியாக உயர்த்தியவர் ஓ ரியாடா. ஆடுவதற்கு உரிய இசை அமர்ந்து கேட்பதற்கும் உரியது என்னும் எண்ணத்தை மக்கள் மனத்தில் ஊன்றியது அவருடைய தலையாய தொண்டு. நாற்பது வயதில், 1971-இல் அவர் மறைந்தது அயர்லாந்து இசையுலகுக்குப் பேரிழப்பு.

சீஃப்டன்ஸ் குழுவின் அமைப்பு

கியோல்டோரி குவலன் குழுவில் துருத்திக்குழல் வாசித்தவர் பேடி மொலோனி. 1938-இல் டப்ளினில் பிறந்த அவர், சிறுவயதில் தாயார் வாங்கித் தந்த டின் விசிலில் தொடங்கி, லியோ ரௌசமிடம் துருத்திக்குழல் பயின்றார். அவர் பிறந்தது தலைநகரில். மெட்டுகளோ விடுமுறைதோறும் சென்ற லீஷ் மாவட்டத்துத் தாத்தா பாட்டி வீட்டிலும் அவர் செவியில் விழுந்தன. பரம்பரையும் நகரமும் இவ்வாறு ஒருவரிடத்தே கூடின. கிளாடா ரெக்கார்ட்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை 1959-இல் தொடங்கியவர்களுள் ஒருவரான கேரக் பிரவுன், ஒரு தட்டுக்காகக் குழு அமைக்குமாறு மொலோனியைக் கேட்டுக்கொண்டதன் பேரில் சீஃப்டன்ஸ் உருவாயிற்று. டின் விசில் வாசித்த ஷான் பாட்ஸ், மரக்குழலும் கான்சர்ட்டினா என்னும் கைத்துருத்திக் கருவியும் வாசித்த மைக்கேல் டப்ரிடி, ஃபிடில் வாசித்த மார்ட்டின் ஃபே, பௌரான் வாசித்த டேவிட் ஃபேலன் ஆகியோர் தொடக்க உறுப்பினர்கள்.

ஒரு தட்டோடு கலைந்திருக்கக்கூடிய அக்குழு மெல்ல நிலைபெற்றது. அடுத்த பத்தாண்டுக்கு மேலாக உறுப்பினர்கள் தத்தம் வேலைகளை விடாமல் மாலைகளிலும் விடுமுறைகளிலும் கூடியே வாசித்தனர். மொலோனி கணக்கர், டப்ரிடி பொறியாளர். 1968-இல் ஃபிடில் கலைஞர் ஷான் கீன் சேர்ந்தார். 1970-களில் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஹார்ப் கலைஞர் டெரெக் பெல் இணைந்தது குழுவின் ஒலியையே மாற்றியது. ஓ ரியாடா கம்பி பூட்டிய ஹார்ப் கிடைக்காமையால் ஹார்ப்சிகார்ட் என்னும் விசைப்பலகைக் கருவியை அதற்கு ஈடாக வாசித்தார். பெல்லின் வருகையால் உண்மையான ஹார்ப் மீண்டும் மெட்டுகளோடு கூடியது. வட அயர்லாந்தில் புரட்டஸ்தாந்து, கத்தோலிக்க மக்களிடையே குருதி சிந்திய ஆண்டுகளில், புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்த பெல்ஃபாஸ்ட் கலைஞர் டப்ளின் குழுவில் அமர்ந்து ஓ கேரலனின் மெட்டுகளை மீட்டினார் என்பது எண்ணிப் போற்றத்தக்கது. பின்னர் பாடகரும் பௌரான் கலைஞருமான கெவின் கொனெஃப் 1976-இலும், மரக்குழல் கலைஞர் மேட் மொலாய் 1979-இலும் சேர்ந்தனர்.

மொலோனியின் அமைப்புமுறை ஓ ரியாடாவின் பாதையைத் தொடர்ந்தது. மெட்டின் எலும்புக்கூட்டை மாற்றாமல், எந்தச் சுற்றில் எந்தக் கருவி நுழைய வேண்டும், எங்கே தாளம் ஓய வேண்டும், மெல்லிசை எந்த இடத்தில் ரீலாக வெடிக்க வேண்டும் என்று நிறத்தையும் வரிசையையும் வகுப்பதே அவர் கலை. கேலிக் மொழி அறியாத, அயர்லாந்தைக் கண்டிராத ஒருவரும் அந்த வரிசையால் ஈர்க்கப்பட்டு, தனிக் கலைஞரின் நுண்மையைக் கேட்கும் பொறுமையை அடைந்தார்.

உலக அவைகளில்

1975-ஆம் ஆண்டு புனித பேட்ரிக் திருநாளாகிய மார்ச் 17 அன்று ராயல் ஆல்பர்ட் அரங்கில் நிகழ்ந்த கச்சேரிக்கு இருக்கைகள் அனைத்தும் நிறைந்தன. அதன் பின்னரே குழுவினர் இசையை முழுநேரத் தொழிலாகக் கொண்டனர். அதே ஆண்டில் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்' திரைப்படத்தில் அவர்கள் வாசித்த, ஓ ரியாடா இசையமைத்த 'அயர்லாந்தின் பெண்கள்' என்னும் மெட்டு இடம்பெற்று, மரபிசையை அறியாத பல நாட்டினரிடம் அதைக் கொண்டு சேர்த்தது. 1979 செப்டம்பரில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்ற வந்தபோது, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்த அவ்விடத்தில் சீஃப்டன்ஸ் வாசித்தனர். 1983-இல் சீனா சென்று அந்நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தனர். பெருஞ்சுவரின் மீதும் அவர்களின் இசை ஒலித்தது. 1989-இல் அயர்லாந்து அரசு அக்குழுவை நாட்டின் இசைத்தூதர்களாக அறிவித்தது.

அயல் அவைக்கு வாசிப்பதோடு நில்லாமல் அயல் மரபுகளோடு உறவு தேடியமை அவர்களின் பிற்காலப் பணியின் தனித்தன்மை. ஸ்பெயினின் வடமேற்கே உள்ள கலீசியாவிலும் துருத்திக்குழல் மரபு உண்டு. அம்மண்ணின் இசையோடு இணைந்து 1996-இல் உருவாக்கிய 'சாண்டியாகோ' இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. 1846 முதல் 1848 வரை நிகழ்ந்த அமெரிக்க மெக்சிகோப் போரில் அமெரிக்கப் படையிலிருந்து விலகி மெக்சிகோவுக்காகப் போரிட்ட அயர்லாந்து வீரர்களின் நினைவாக, ரை கூடர் என்னும் கிதார் கலைஞரோடும் மெக்சிகோக் கலைஞர்களோடும் இணைந்து 2010-இல் 'சான் பட்ரிசியோ' வெளியிடப்பட்டது. புலம்பெயர்ந்தவர் சென்ற வழியெல்லாம் மெட்டும் சென்றிருக்கும் என்னும் நம்பிக்கையே இத்தேடலின் அடித்தளம்.

குழு பெற்ற ஆறு கிராமி விருதுகளுள் ஒன்று, பெல்ஃபாஸ்ட் ஹார்ப் குழுவினருடன் இணைந்து எட்வர்ட் பன்டிங்கின் நினைவுக்கு உரியதாக்கிய 'தி கெல்டிக் ஹார்ப்' தொகுப்புக்குக் கிடைத்தது. 1792-இல் பத்துப் பேரின் விரல்களிலிருந்து பத்தொன்பது வயது இளைஞர் எழுதியெடுத்தவை, இருநூறாண்டுக்குப் பின் உலக அவையில் பரிசு பெற்றன.

பெற்றவையும் இழந்தவையும்

இப்பயணத்தைக் குறைகூறியோரும் உண்டு. அவர்களின் சொல்லிலும் நியாயம் இருக்கிறது. மெட்டு அரங்கேறியபோது ஆடுவோர் மறைந்தனர். ஆடுவோரின் காலடி வேகத்தைக் கட்டுப்படுத்திய நிலை மாறி, கைதட்டலுக்காக வேகம் கூடுவது பொதுவாக மேடைக் குழுக்களில் ஒரு பழக்கமாயிற்று. வகுத்துவைத்த அமைப்பில், அந்தந்த நேரத்து உணர்வுக்கேற்ப மெட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்கியது. மேலும் 1995-இல் வெளிவந்த 'தி லாங் பிளாக் வெயில்' போன்ற தொகுப்புகளில் ஸ்டிங், மிக் ஜாகர், டாம் ஜோன்ஸ் முதலிய உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் முன்னிற்க, மரபுக் கலைஞர்கள் பின்னணியில் நின்றனர் என்று மரபில் தோய்ந்த செவிகள் வருந்தின.

ஆயினும் தராசின் மறுதட்டு கனமானது. கிராமத்து முதியவரின் பொழுதுபோக்கு என்று நகரத்து இளைஞர் ஒதுக்கிய இசை, உலகம் எழுந்து நின்று வரவேற்றதைக் கண்டபின் அவர்களுக்கே பெருமைக்கு உரியதாயிற்று. 1970-களில் தோன்றிய பிளாங்ஸ்டி, போத்தி பேண்ட் ஆகிய குழுக்கள், கிரேக்க நாட்டு பூசூக்கி என்னும் கம்பிக்கருவியையும் கிதாரையும் சேர்த்து அடுத்த தலைமுறையை ஈர்த்தன. 1994-இல் யூரோவிஷன் பாட்டுப்போட்டியின் இடைவேளையில் ஆடப்பட்ட 'ரிவர்டான்ஸ்' அந்த ஈர்ப்பை நடனத்துக்கும் விரித்தது. இவையனைத்துக்கும் முன்னே சென்று பாதை திறந்தது சீஃப்டன்ஸ்.

அதைவிட முக்கியமான ஒன்று, அரங்கத்தின் ஒளி படாத இடங்களில் நடந்தது. 1968-இல் துருத்திக்குழல் கலைஞர்கள் கூடி 'நா பீபரி இல்லன்' என்னும் சங்கத்தை நிறுவி, கருவி செய்வதையும் வாசிப்பதையும் முறையாகக் கற்பிக்கத் தொடங்கினர். 1973-இல் மறைந்த துருத்திக்குழல் கலைஞர் வில்லி கிளான்சியின் பெயரில், கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பே ஊரில் கோடை இசைப்பள்ளி அதே ஆண்டில் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவருகிறது. உலகெங்கும் இருந்து அங்கே வருவோர் பகலில் வகுப்பில் கற்று, இரவில் மதுக்கடைகளின் மூலையில் வட்டமாக அமர்ந்து வாசிக்கின்றனர். 'செஷன்' எனப்படும் இவ்வட்டத்தில் மேடை இல்லை, அறிவிப்பு இல்லை. ஒருவர் மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வர், தெரியாதவர்கள் கேட்டுக் கற்பர். உலக மேடையில் ஒரு மெட்டைக் கேட்டு மயங்கிய ஜப்பானியரும் ஜெர்மானியரும் அவ்வட்டத்தில் இடம் பெற்றுள்ளனர் என்பதே சீஃப்டன்ஸ் பயணத்தின் மெய்யான பயன்.

2011-ஆம் ஆண்டு புனித பேட்ரிக் திருநாளில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பணியாற்றிய அமெரிக்க விண்வெளி வீராங்கனை கேடி கோல்மன், தாம் எடுத்துச் சென்றிருந்த மேட் மொலாயின் பழைய மரக்குழலையும் மொலோனியின் டின் விசிலையும் பூமிக்கு மேலே வாசித்தார். குழுவினருள் டெரெக் பெல் 2002-இலும், மார்ட்டின் ஃபே 2012-இலும், பேடி மொலோனி 2021 அக்டோபரிலும், ஷான் கீன் 2023-இலும் மறைந்தனர். அவர்கள் வாசித்த கருவிகளின் மரபோ உலகின் ஏற்பைப் பெற்றது: துருத்திக்குழல் வாசிப்பை 2017-இலும் ஹார்ப் வாசிப்பை 2019-இலும் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பரம்பரை இசை அயலார் முன் வாசிக்கப்படுவதால் அழிவதில்லை; வீட்டில் அடுத்தவருக்குக் கற்பிக்கப்படாதபோதே அழிகிறது என்பது அயர்லாந்தின் வரலாறு தரும் தீர்ப்பு. லியோ ரௌசமின் மாணவர் உலகத்தின் முன் வாசித்தார். 1968-இல் நூறுக்கும் குறைவானோர் வாசித்த துருத்திக்குழலை இன்று பல நாடுகளில் சிறுவர்கள் கற்றுவருகின்றனர்.